இரண்டாம் கியரும் ஒரு சர்க்லிப்பும்

கடந்த ஆறு மாதங்களாக எங்கள் வீட்டு யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிளுக்கு இரண்டாம் கியர் என்பது பெயருக்குத்தான் இருந்தது. பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையிலிருந்து வீட்டுப் பக்கம் ஏறும் சிறு மேட்டில், முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற்றி ஆக்சிலேட்டரைத் திருகினால் வண்டி ஒரு கணம் இழுக்கும். அடுத்த கணம் காலடியில் 'டக்' என்று ஓர் உதை விழும். பிறகு சக்கரத்துக்கும் இஞ்சினுக்கும் உறவே இல்லாததுபோல இஞ்சின் மட்டும் தனியே அலறும். இதைச் சமாளிக்க நான் ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொண்டிருந்தேன். இரண்டாம் கியரில் இருக்கும் வரையில் கியர் லீவரை ஷூ முனையால் விடாமல் அழுத்திப் பிடித்தபடியே ஓட்டினேன். அப்படி ஓட்டினால் கியர் நழுவவில்லை. அந்த அழுத்தம் உள்ளே யார் தலையில் விடிந்தது என்பது இஞ்சினைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது.

வண்டி அப்பாவுடையது. எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தபோது, 1993-இல், கூட்டுறவுக் கடன் போட்டு வாங்கினார். ஆர்.எக்ஸ். 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரை தயாரானது, 50 மி.மீ. குறுக்களவும் 50 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்ட ஒற்றைச் சிலிண்டர், 98 சி.சி., 11 குதிரைத்திறன், நான்கு கியர். இந்த எண்களைப் பார்த்தால் இன்றைய பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரலாம். பெங்களூரில் இந்த வண்டிக்கு இன்றும் இருக்கிற மவுசு தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

நான் கேட்ட இரண்டு மெக்கானிக்குகளும், இஞ்சினைத் திறக்காமலேயே, "கியர் செட் முழுசா மாத்திடலாம் சார்" என்று ஒரே மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்தார்கள். செட்டுக்குச் சொன்ன விலையைவிட எனக்கு உறுத்தியது வேறு விஷயம். நான்கு வருடங்களுக்கு முன் கிக்கர் வழுக்குகிறது என்று ஒரு கடையில் இதே இஞ்சினை முழுவதும் பிரித்துப் பூட்டியிருந்தார்கள். அதற்கு முன் இருபத்தைந்து வருடம் ஒழுங்காக இருந்த இரண்டாம் கியர், அதற்குப் பிறகு சில வருடங்களுக்குள் கெட்டுப்போனது. காரணம் தெரியாமல் புதுச் செட்டைப் போட்டால், அந்தக் காரணம் புதுச் செட்டையும் தின்றுவிடும். நான் கணக்குப் பிரிவில் வேலை செய்பவன்; பற்றும் வரவும் பொருந்தாதபோது புதுப் பேரேடு வாங்கி எழுதத் தொடங்குவதில்லை, பழைய பக்கங்களைத்தான் புரட்டுகிறோம். ஆகவே வீட்டிலேயே பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அப்பாவுக்கு இதில் சிறிதும் சம்மதமில்லை. ஆனாலும் முதல் நாள் காலையிலேயே கீழே பார்க்கிங்கில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிரிப்பதற்கு முன் இந்தக் கியர் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போவது விளங்காது. கியர் மாற்றும்போது ஒரு பல்சக்கரம் விலகி இன்னொன்று வந்து பல்லோடு பல் சேர்கிறது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் நான்கு ஜோடிச் சக்கரங்களும் எப்போதும் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டே சுற்றுகின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் ஷாஃப்ட் என்னும் சுழல்தண்டோடு பிணைந்திருக்கும். மற்றது ஷாஃப்டின்மேல் சும்மா உருண்டுகொண்டிருக்கும். அந்தச் சும்மா உருளும் சக்கரத்தை அதன் ஷாஃப்டோடு பிணைத்துவிட்டால், அந்த ஜோடியின் வழியாகச் சக்தி பாயும். அதைத்தான் நாம் 'கியர் விழுந்தது' என்கிறோம். பிணைப்பது எது என்றால், பக்கத்தில் இருக்கும் இன்னொரு சக்கரத்தின் முகத்தில் துருத்திக்கொண்டிருக்கும் கட்டை கட்டையான பக்கப் பற்கள். மெக்கானிக்குகள் இவற்றை டாக் என்பார்கள். ஷாஃப்டில் வெட்டிய நீளக் காடிகளின்மேல் அந்தச் சக்கரம் இடம் வலமாக நகர்ந்து, தன் டாக்குகளை அடுத்த சக்கரத்தின் பள்ளங்களுக்குள் நுழைக்கும். அதை நகர்த்துவது கவைபோன்ற ஃபோர்க். ஃபோர்க்கை நகர்த்துவது டிரம் என்னும் உருளையில் வளைந்து வளைந்து வெட்டியிருக்கும் காடி. டிரம்மைத் திருப்புவது நம் கால்.

இந்த டாக்கின் பக்கங்கள் நேராக நிற்பதில்லை என்பதுதான் இதில் அழகான நுட்பம். அடிப்பக்கம் சற்று உள்ளடங்கி, நுனி சற்று அகன்றிருக்கும்படி ஓரிரு டிகிரி சாய்த்து வெட்டியிருப்பார்கள். வாளியின் பிடியில் மாட்டிய கொக்கி, வாளி நிறைய நிறைய இறுகுவதைப்போல, இஞ்சின் இழுக்க இழுக்க டாக்குகள் ஒன்றையொன்று உள்ளே இழுத்துக்கொள்ளும். முனை மழுங்கி உருண்டுவிட்டால் அதே விசை நேர் எதிராக வேலை செய்யும். இழுக்க இழுக்க ஒன்றையொன்று வெளியே தள்ளும். என் வண்டி சமதளத்தில் மெதுவாகப் போகும்போது ஒழுங்காக இருந்து, மேட்டில் மட்டும் நழுவியதற்கு இதுவே காரணம்.

வேலைக்கு வருகிறேன். இஞ்சினை இறக்குவதற்கு முன்பே, செயின் மாட்டியிருக்கும்போதே, செயினை இழுக்கும் முன் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் நட்டைத் தளர்த்திவிட வேண்டும். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகனை வண்டியில் உட்காரவைத்துப் பின் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கச் சொல்லி, நீளப் பிடி போட்ட ஸ்பானரால் அந்த நட்டை அசைத்தேன். இஞ்சினை இறக்கிய பிறகு அந்த ஷாஃப்டைச் சுற்றவிடாமல் பிடிப்பது எளிதல்ல. சுத்தியலும் உளியுமாக நட்டை வெட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து கியர் ஆயில். பழைய இட்லித் தட்டு ஒன்றில் வடித்தேன். சாம்பல் நிறத்தில், வெயிலில் மினுமினுத்துக்கொண்டு வந்தது. ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி அதற்குள் துழாவியபோது, பூனை மயிர்போல எஃகுத் துகள்கள் ஒட்டிக்கொண்டன. அலுமினியமும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டா, ஒட்டியதெல்லாம் எஃகு. ஆக, தேய்ந்தவை கியரோ, ஃபோர்க்கோ, ஷாஃப்டோ, பேரிங்கோ. பெட்டியின் சுவர் அல்ல. மயிராக இல்லாமல் துண்டு துண்டாக வந்திருந்தால் பல் உடைந்திருக்கிறது என்று பொருள். அந்த அளவுக்கு நிம்மதி.

சைலன்சர், கார்பரேட்டர், ஒயர்கள், போல்ட்டுகள் என்று கழற்றி இஞ்சினை இறக்கியது ஒரு மணி நேர வேலை. இந்த இஞ்சினை ஒருவரே தூக்கிவிடலாம். இரண்டு மாடி ஏற்றிச் சமையலறைக்குப் பின்னாலிருக்கும் யுட்டிலிட்டியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் பழைய பாயை விரித்து வைத்தேன். என் மனைவி எதுவும் சொல்லவில்லை. துணி உலர்த்தும் கொடியை மட்டும் அவிழ்த்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்.

சிலிண்டரையும் பிஸ்டனையும் கழற்றும்போது இஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸின் வாயைத் துணியால் அடைக்க மறக்கக் கூடாது. பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பி வளையம் உள்ளே விழுவதற்கென்றே பிறந்தது. இடப்பக்கம் மின்சாரம் தரும் மேக்னெட்டை அதற்கான புல்லர் என்னும் இழுக்கும் கருவியைப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். வலப்பக்கம் கிளட்ச். கிளட்ச் நட்டின்மேல் மடங்கியிருக்கும் லாக் வாஷரை நிமிர்த்தி, கிளட்ச் சுற்றாதபடி பிடிக்கும் கருவியை மாட்டிக் கழற்றினேன். எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடித்தவை கிராங்க்கேஸை இணைக்கும் ஸ்க்ரூக்கள்தான். முப்பது வருடம் அலுமினியத்துக்குள் உட்கார்ந்திருந்த நட்சத்திரத் தலை ஸ்க்ரூவைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திருகினால் தலை வழித்துக்கொண்டு போய்விடும். சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்பும் இம்பாக்ட் டிரைவர்தான் இதற்கு ஒரே வழி. அதிலும் அடிக்கு முன் தலையைச் சூடாக்கினால் பாதி வேலை முடிந்தது.

கடைசி ஸ்க்ரூ வந்த பிறகும் கிராங்க்கேஸின் இரண்டு பாதிகளும் பிரியவில்லை. பேரிங்குகள், பிஸ்டனால் சுழலும் தண்டான கிராங்க்கை இறுகப் பிடித்திருக்கும். இந்த இடத்தில்தான் பொறுமையிழந்தவர்கள் இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்புவார்கள். கிராங்க்கேஸைப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது அந்தத் தடங்களைத்தான். கண்ணாடிபோல இருக்க வேண்டிய விளிம்பில் மூன்று இடங்களில் நெம்பிய வடு. அவற்றை மறைக்கச் சிவப்பு சிலிக்கோனை வெண்ணெய்போல அப்பியிருந்தார்கள். அது பிதுங்கி உள்ளே புழுப்புழுவாகத் தொங்கியது. இதுபோல ஆயிலும் பெட்ரோலும் சேர்ந்தே எரியும் டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் இது வெறும் ஆயில் கசிவுப் பிரச்சினை அல்ல. கிராங்க் சுற்றும் அறையில்தான் பெட்ரோல் கலவை உறிஞ்சப்பட்டு அழுத்தப்படுகிறது. அங்கே வெளிக்காற்று நுழைந்தால் கலவை வறண்டு, இஞ்சின் சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நான் ஒரு புல்லரை இரவல் வாங்கி வந்து கிராங்க்கின் முனையை ஒரே சீராகத் தள்ளினேன். அந்த முனையில் சுத்தியலைக் காட்டவே கூடாது. இந்தக் கிராங்க் பல துண்டுகளாகச் செய்து அழுத்திச் சேர்க்கப்பட்டது. ஓங்கி ஓர் அடி விழுந்தால் அதன் நேர்கோடு போய்விடும்.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். இரண்டு ஷாஃப்டுகளையும் டிரம்மையும் ஃபோர்க்குகளையும் ஒரே கட்டாக வெளியே எடுத்து, அழுக்கோடு அப்படியே ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்தேன். கழுவத் துடித்த கையைக் கட்டிப்போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் ஆயில் கருகியிருக்கிறது, எங்கே துகள் சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் கழுவினால் போய்விடும் சாட்சிகள். பிறகு ஒவ்வொரு சக்கரத்தையும் வாஷரையும் கழற்றக் கழற்ற, அதே வரிசையில், அதே முகம் பார்த்தபடி, ஒரு முறுக்குக் கம்பியில் கோத்துக்கொண்டே போனேன். வாஷர்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வெர்னியர் அளவுகோலில் வைத்தால்தான் கனம் வேறுபடுவது தெரியும்.

மூன்று தடயங்கள் கிடைத்தன. இரண்டாம் கியரைப் பிணைக்கும் டாக்குகளின் ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருந்தது. இஞ்சின் இழுக்கும்போது தாங்கும் பக்கம் அது. ஆக்சிலேட்டரை விடும்போது தாங்கும் மறுபக்கம் நேற்று வெட்டியதுபோலக் கூராக இருந்தது. ஆகவே அது வயதால் வந்த தேய்மானம் அல்ல. வயது இரண்டு பக்கத்தையும்தான் தின்னும். அடுத்தது, அந்தச் சக்கரத்தை நகர்த்தும் ஃபோர்க்கின் ஒரு முனை. உராய்வில் எஃகு கடுமையாகச் சூடேறும்போது வரும் கருநீலம் அந்த முனையில் படர்ந்திருந்தது. வெர்னியரில் வைத்தால் மறு முனையைவிட மெலிந்திருந்தது. ஃபோர்க் தள்ள வேண்டியது கியர் மாறும் அந்த அரைக் கணத்துக்கு மட்டும்தான். மற்ற நேரத்தில் சக்கரத்தின் காடிக்குள் எதையும் தொடாமல் நிற்க வேண்டியது அது. மாதக்கணக்கில் அதை உராய்ந்துகொண்டே இருக்கச் செய்தது எது என்று யோசித்தபோது என் வலது கையும் இடது கையும் அந்த ஃபோர்க்கைப் பிடித்திருக்க, என் கண் என் ஷூவின்மேல் போனது. லீவரை அழுத்திப் பிடித்து ஓட்டிய புண்ணியம் அது.

மூன்றாவது தடயம் எனக்குப் பிடிபடவில்லை. ஷாஃப்டின்மேல் சும்மா உருளும் இரண்டாம் கியர்ச் சக்கரத்தைப் பக்கவாட்டில் நகராமல் நிறுத்துவது ஒரு வாஷரும் அதற்குப் பின்னால் காடியில் உட்கார்ந்திருக்கும் சர்க்லிப் என்னும் வாய் திறந்த எஃகு வளையமும். அந்தச் சக்கரம் சற்றே இடம் வலமாக ஆடியது. ஃபீலர் கேஜ் தகடுகளை நுழைத்துப் பார்த்தால், முதல் கியருக்கு இருந்த இடைவெளியைவிட மூன்று மடங்கு இடைவெளி இருந்தது. வாஷர் தேயவில்லை. சர்க்லிப்பும் உடையவில்லை. அதைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். என் கண்ணுக்கு அது மற்ற சர்க்லிப்புகளைப்போலவே இருந்தது. அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, மறு கண் காத்திருக்கிறது. பார்க்கவே முயலாமல், கட்டைவிரல் நகத்தை வளையத்தின் விளிம்பில் ஓட்டினார். திருப்பி இன்னொரு முறை ஓட்டினார்.

"இது எந்தப் பக்கம் பார்த்துட்டு இருந்துச்சு?"

முறுக்குக் கம்பியைக் காட்டினேன். கழற்றிய முகம் மாறாமல் கோத்திருந்ததன் பலன் அப்போதுதான் தெரிந்தது.

"இந்தா, இந்தப் பக்கம் மழமழன்னு வழுக்குது. அந்தப் பக்கம் நகத்துல மாட்டுது. மாத்திப் போட்டுட்டான்டா."

சர்க்லிப்பைத் தகட்டிலிருந்து அச்சால் அழுத்தி வெட்டி எடுக்கிறார்கள். அப்படி வெட்டும்போது ஒரு பக்கத்து விளிம்பு உருண்டும், மறுபக்கத்து விளிம்பு கூராகவும் அமைந்துவிடும். கோதுமை மாவை வட்டமாக வெட்டும்போது மேல் விளிம்பு மடங்குவதைப்போல. சக்கரம் தள்ளும் திசையில் இருக்கும் காடியின் சுவரில்தான் சர்க்லிப் முட்டுக்கொடுக்கிறது. ஆகவே கூர் விளிம்பு அந்தச் சுவரைப் பார்த்தும், உருண்ட விளிம்பு தள்ளும் சக்கரத்தைப் பார்த்தும் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால், உருண்ட விளிம்பு சுவரின் முனையில் வழுக்கிக்கொண்டு ஏறப் பார்க்கும். ஏற ஏற வளையம் விரியும், சற்றுச் சாயும், சக்கரத்துக்கு ஆட இடம் கிடைக்கும். சக்கரம் விலகி நின்றால் டாக்குகள் முழு ஆழத்துக்கு நுழையாமல் நுனியால் மட்டும் கடிக்கும். முழுப் பாரத்தையும் நுனி தாங்கினால் அது மழுங்கும். மழுங்கினால் வெளியே தள்ளும். தள்ளும் பாரம் மீண்டும் அதே சர்க்லிப்பின்மேல் போய் விழும். நான்கு வருடத்துக்கு முன் இரண்டு நொடியில் திருப்பிப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். இதையெல்லாம் அப்பா சொல்லவில்லை. அவர் சர்க்லிப்பை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காபி கேட்டார்.

ஆக, முழுச் செட் தேவையில்லை. மழுங்கிய டாக் உள்ள சக்கரம், அது கடிக்கும் இணைச் சக்கரம், ஒரு ஃபோர்க், எல்லாச் சர்க்லிப்புகளும், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஆயில் சீல்கள் எல்லாம், பேரிங்குகளும் போதும். டாக் உள்ளதை மட்டும் மாற்றி இணையை விட்டுவைப்பது வீண். மழுங்கிய பள்ளம் புது டாக்கையும் மழுக்கிவிடும். ஷாஃப்டின் காடிச் சுவரில் மிக மெல்லிய பிசிறு இருந்தது. எண்ணெய்க் கல்லால் தேய்த்துவிட்டுப் புதுச் சர்க்லிப்பைப் போட்டுப் பார்த்தபோது ஆட்டமில்லாமல் உட்கார்ந்ததால் பழைய ஷாஃப்டையே வைத்துக்கொண்டேன். அதையும் மாற்றியிருக்க வேண்டுமோ என்ற எண்ணம் இன்னும் மனதின் ஓரத்தில் இருக்கிறது.

மாதிரிக்குப் பழைய சக்கரங்களைத் துணியில் சுற்றிக்கொண்டு, அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறி, கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கி ஜே.சி. ரோட்டுக்கு நடந்தேன். அல்சூர் நிலையத்தில் பையை எக்ஸ்ரே பெட்டியில் விட்டதும் திரையைப் பார்த்த காவலர் பெல்ட்டை நிறுத்திவிட்டார். பல்சக்கரத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, "ஆர்.எக்ஸா?" என்று கன்னடத்தில் கேட்டு, தன் அண்ணனிடமும் ஒன்று இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். ஜே.சி. ரோட்டில் இந்த வண்டிக்கு உதிரிபாகம் கேட்டால் இல்லை என்ற பதிலே வராது. எது அசல், எது நகல் என்பதுதான் கேள்வி. நகல் சக்கரங்களில் டாக்கின் பக்கங்களை ஒரு சிறிய நேர்க்கோல் வைத்துப் பார்த்தேன். ஒரு கடையில் காட்டியவை செங்குத்தாகவே வெட்டப்பட்டிருந்தன. அந்த ஓரிரு டிகிரிச் சாய்வே இல்லை. பளபளப்பில் குறையில்லை, நுட்பம்தான் இல்லை. மூன்றாவது கடையில், அலமாரியின் மேல் தட்டிலிருந்து தூசியோடு இறக்கிய பழைய சரக்கில் சரியானவை கிடைத்தன.

பேரிங்குக்கு எஸ்.ஜே.பி. ரோடு. பேரிங் வாங்க வண்டியின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. வளையத்தின்மேல் பொறித்திருக்கும் எண்ணே அதன் முழு முகவரி. 6204 என்றிருந்தால், கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 20 மி.மீ. என்று வந்துவிடும். 04-க்குக் கீழே மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ. எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருந்தால், சூட்டில் விரிவதற்காக உள்ளே சற்றுக் கூடுதல் இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று பொருள். பழையதில் அது இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும்.

பேரிங்கைப் பொருத்தும் வேலை, நான் பயந்ததற்கு மாறாக, மிக எளிதாக முடிந்தது. அலுமினியம் சூட்டில் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இந்த ஊர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதுவே போதும். பொங்கலுக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும் பெரிய அண்டாவில் கிராங்க்கேஸின் பாதியைக் கொதிக்கவிட்டேன். 40 மி.மீ. துளை அந்தச் சூட்டில் விரிவது ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்குதான், ஒரு காகிதத்தின் கனம்கூட இல்லை. ஆனால் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பது அதைவிடச் சிறிய அளவு. பேரிங்குகள் முந்தின இரவிலிருந்தே ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கிடந்தன. இடுக்கியால் பாதியைத் தூக்கி, ஈரத்தைத் துடைத்து, பேரிங்கைத் துளையின் வாயில் வைத்ததும், 'டொக்' என்று அடிவரை தானாக இறங்கியது. சுத்தியலைத் தொடவே இல்லை. தட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வெளி வளையத்தின்மேல் மட்டுமே தட்ட வேண்டும். உள் வளையத்தில் விழும் அடி குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் குழி விழச் செய்யும்.

ஆயில் சீல்களில் ஒன்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கிளட்ச் பக்கத்தில் கிராங்க்கைச் சுற்றியிருக்கும் சீல்தான் கியர் ஆயிலுக்கும் கிராங்க் அறைக்கும் நடுவே நிற்கும் காவல்காரன். அது கிழிந்தால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டுப் பெட்ரோலோடு சேர்ந்து எரியும். வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல் கியர் ஆயில் குறையும், சைலன்சர் விடாமல் வெண்புகை கக்கும். பல வருடமாக 'இது டூ ஸ்ட்ரோக் வண்டி, புகை வரத்தான் செய்யும்' என்று நான் சொல்லிவந்த சமாதானத்தின் பாதி, அந்தக் கிழிந்த சீலுக்குச் சேர வேண்டியது.

பூட்டுவது பிரித்ததன் தலைகீழ் என்று சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்கள் பூட்டியதில்லை. ஒவ்வொரு சர்க்லிப்பையும் நகத்தால் தடவி முகம் பார்த்துப் போட்டேன். போட்ட பிறகு அப்பாவும் ஒருமுறை தடவினார். இரண்டு பாதிகளையும் சேர்ப்பதற்கு முன், ஒரு பாதியில் ஷாஃப்டுகளை நிறுத்தி, ஒரு கையால் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே மறு கையால் டிரம்மைத் திருப்பி நான்கு கியரும் விழுகின்றனவா என்று பார்த்தேன். சுற்றாமல் டிரம்மைத் திருப்பினால் டாக்கும் பள்ளமும் நேர்படாமல் கியர் விழாது. அதைப் பழுது என்று நினைத்து மறுபடி பிரித்தவர்கள் உண்டு. நெம்பிய வடுக்களைத் தட்டையான கண்ணாடிமேல் ஒட்டிய மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துச் சமன் செய்து, சீலன்ட்டைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் தடவி, ஸ்க்ரூக்களை நடுவிலிருந்து குறுக்கும் மறுக்குமாக இறுக்கினேன்.

இறுக்கி முடித்ததும் ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட் சுற்ற மறுத்தது. கையால் பலமாகத் திருகினால் மட்டும் கடுப்போடு நகர்ந்தது. அரை மணி நேரம் அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். மறுபடி பிரிப்பதானால் அன்று முடியாது, சீலன்ட்டும் காய்ந்துவிடும். பிறகுதான் தோன்றியது: இரண்டு பக்கப் பேரிங்குகளும் ஸ்க்ரூ இறுக இறுக ஷாஃப்டை நடுவில் நெருக்கியிருக்கலாம். நைலான் சுத்தியலால் ஷாஃப்டின் முனையில், கதவைத் தட்டுவதைவிடச் சற்றுக் கூடுதலாக, இரண்டு தட்டுத் தட்டினேன். மெல்லிய ஓர் அசைவு. அதன் பிறகு ஷாஃப்ட் ஒற்றை விரலால் சுற்றியது. இந்தத் தட்டு கியர் ஷாஃப்டுக்கு மட்டும், கிராங்க்குக்கு அல்ல.

ஞாயிறு மாலை இஞ்சினை ஏற்றி, புது ஆயில் ஊற்றி, நான்காவது உதையில் வண்டி உயிர்பெற்றது. முதலில் பழைய மெட்ராஸ் ரோட்டில் சமதளத்தில் ஒரு சுற்று. பிறகு ஏரிக்கரைக்கு வந்து, அந்த மேட்டின் அடியில் இரண்டாம் கியருக்கு மாற்றி, காலை லீவரிலிருந்து முழுவதும் எடுத்து ஃபுட்ரெஸ்ட்டின் பின்பக்கம் வைத்துக்கொண்டேன். ஆறு மாதப் பழக்கம். கால் தானாக முன்னுக்கு வரப் பார்த்தது. ஆக்சிலேட்டரைத் திறந்து, விட்டு, மறுபடி திறந்தேன். நழுவும் கியர் பெரும்பாலும் அந்த விட்டுத் திறக்கும் இடத்தில்தான் காட்டிக்கொடுக்கும். மேட்டின் உச்சிவரை அது விடவில்லை.

மறுநாள் காலை வண்டியின் அடியில் வைத்திருந்த அட்டையில் ஐம்பது பைசா அளவுக்கு ஓர் ஆயில் வட்டம் இருந்தது. ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றிப் பார்த்தேன். சீல் புதியதுதான், சரியாகவே உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் சுற்றும், ஷாஃப்டின்மேல் மாட்டிய காலர் என்னும் வளையத்தின்மேல், பழைய சீலின் உதடு முப்பது வருடம் உராய்ந்து உராய்ந்து ஒரு மெல்லிய வளையப் பள்ளம் விழுந்திருக்கிறது. நகம் வைத்தால் மாட்டுகிறது. சனிக்கிழமை மறுபடி ஜே.சி. ரோட்டுக்குப் போகிறேன்.